மச்சானின் மச்சான்

கொழும்பில் வெளியாகும் தமிழ் நாளிதழ்களின் மரண அறிவித்தல் பக்கத்தைவிட உறவுமுறையை நுணுக்கமாகப் பதிந்துவைக்கும் ஆவணம் நம்மிடம் வேறு இல்லை. இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு கணவரும், இன்னாரின் மைத்துனரும், சகலனும், சம்பந்தியும், பேரனும், பூட்டனும் ஆவார் என்று ஒரே வாக்கியம் இருபது முப்பது பெயர்களை இழுத்துக்கொண்டு போகும். அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிதறியிருப்பார்கள். துக்க வீட்டின் அவசரத்தில் எழுதிக் கொடுக்கப்படும் குறிப்பு அது. ஆனாலும் பெறாமகன் என்று வரவேண்டிய இடத்தில் மருமகன் என்று வந்துவிட்டால் சொந்தக்காரர் யாரும் சும்மா இருக்கமாட்டார்கள். இறந்தவர் ஓர் ஆண் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய தம்பியின் பிள்ளையும் தங்கச்சியின் பிள்ளையும் அவருக்கு ஒரே அளவு நெருக்கம். இரத்தக் கணக்கில் நூலிழை வித்தியாசமும் இல்லை. என்றாலும் தம்பியின் பிள்ளை பெறாமகன், தங்கச்சியின் பிள்ளை மருமகன். மரபு, பண்பாடு, வழக்கம் என்று சொல்லி இதை நாம் கடந்துவிடுகிறோம். இதற்குள் ஓடுவது சுத்தமான கணிதம். அதைப் பள்ளிக்கூடக் கணிதப் புத்தகத்திலேயே வைக்க வேண்டும் என்பதும், அப்படி வைத்தால் மச்சாளைக் கட்டும் வழக்கத்தை வளர்த்ததாகிவிடும் என்ற பயம் தேவையற்றது என்பதும் என் வாதம்.

கணக்கு மிகச் சிறியது. ஒருவர் எனக்கு என்ன முறை என்று சொல்ல, அவர் ஆணா பெண்ணா, என்னைவிட மூத்தவரா இளையவரா என்பவற்றைத் தவிர, இரண்டு விவரங்கள் போதும்: எந்தத் தலைமுறை, எந்தப் பக்கம். என் பக்கத்தைக் கூட்டல் என்றும் எதிர்ப்பக்கத்தைக் கழித்தல் என்றும் குறித்துக்கொள்வோம். சகோதரத்திடம் போனால் குறி மாறாது. தந்தைக்கு ஏறினாலும் ஓர் ஆணிடமிருந்து அவர் பிள்ளைக்கு இறங்கினாலும் மாறாது. தாய்க்கு ஏறினால் மாறும். ஒரு பெண்ணிடமிருந்து அவள் பிள்ளைக்கு இறங்கினால் மாறும். கணவன் மனைவி இணைப்பைத் தாண்டினால் மாறும். விதி இவ்வளவுதான். சித்தப்பாவின் மகனிடம் போகும் வழியில் குறி ஒருமுறையும் மாறுவதில்லை. அவன் அண்ணன் தம்பி முறை. அம்மாவின் தங்கச்சியின் மகனிடம் போகும்போது அம்மாவில் ஒருமுறை மாறுகிறது, சின்னம்மாவிலிருந்து பிள்ளைக்கு இறங்கும்போது இன்னொருமுறை மாறுகிறது. இரண்டு மாற்றம் ஒன்றையொன்று அழித்துவிட, அவனும் அண்ணன் தம்பி. அம்மாவின் அண்ணன் பிள்ளைக்கு ஒரே ஒரு மாற்றம். அப்பாவின் அக்கா பிள்ளைக்கும் ஒரே ஒரு மாற்றம். இருவரும் மச்சான் மச்சாள். தந்தையின் சகோதரியும் தாய்மாமனின் மனைவியும் இரத்தத்தால் ஒருவருக்கொருவர் யாரோவாக இருக்கலாம். இருவரையும் யாழ்ப்பாணத்தார் மாமி என்றே அழைப்பது ஏன் என்பதற்கும் இதுவே விடை: தாய்மாமனில் ஒரு மாற்றம், அவர் மனைவியில் இன்னொரு மாற்றம், ஆக அவரும் தந்தையின் சகோதரி நிற்கும் இடத்திலேயே வந்து நிற்கிறார். சகலனுக்கும் அப்படித்தான். மனைவியில் ஒரு மாற்றம், அவள் தங்கச்சியின் கணவனில் இன்னொன்று. சகலன் சகோதரன் மாதிரி. சம்பந்தி எதிர்ப்பக்கத்தில் விழுவார், மச்சான் மாதிரி.

மச்சானின் மச்சான் எனக்கு யார்? கழித்தலின் கழித்தல் கூட்டல். அவன் எனக்கு அண்ணன் தம்பி முறை, அல்லது நானேதான். திசைகொண்ட எண்களைப் படிக்கும் மாணவருக்கு இரண்டு கழித்தல் பெருகினால் ஏன் கூட்டல் வருகிறது என்பது விளங்குவதில்லை. ஆசிரியர் சொல்வதால் ஒத்துக்கொள்கிறார்கள். அந்த மாணவர்களின் அம்மம்மா இதே பெருக்கலை ஐந்தாறு கண்ணி நீளத்துக்குத் தாளும் பேனையும் இல்லாமல் செய்வார். அப்பாவின் மச்சான் எனக்கு மாமா, அவர் பிள்ளை மச்சான். அப்பாவின் மச்சாள் எனக்குச் சின்னம்மா முறை, அவள் பிள்ளை சகோதரம். கல்யாண வீட்டில் முன்பின் அறியாத ஒருவரைச் சந்தித்தால் முழு வம்சாவளியையும் யாரும் தோண்டுவதில்லை. இருவருக்கும் தெரிந்த ஒரு பொது ஆளைப் பிடித்து, அவர் உங்களுக்கு என்ன முறை, எனக்கு என்ன முறை என்று கேட்டால் போதும், மிச்சம் தானாக விழும். ஆயிரம் உறவை மனப்பாடம் செய்துவைத்திருப்பவர் இப்படிக் கேட்கமாட்டார். இங்கே நடப்பது கணிப்பு.

இந்தக் கணிப்பை மேற்குலகம் கண்டுகொண்ட கதையில் யாழ்ப்பாணத்துக்கும் ஒரு மூலையில் இடம் உண்டு. நியூயோர்க் மாநிலத்து ரொசெஸ்டர் நகரின் சட்டத்தரணி லூயிஸ் ஹென்றி மோர்கன், செவ்விந்தியரான இரோகுவாக்களிடையே சித்தப்பாவும் தந்தை என்றே அழைக்கப்படுவதைக் கண்டு வியந்து, உலகெங்கும் வினாப்பட்டியல் அனுப்பினார். தமிழ் பற்றிய தகவல் அவருக்கு ஆற்காட்டு மிஷனைச் சேர்ந்த ஸ்கடர் குடும்பத்திடமிருந்து கிடைத்தது. அந்தக் குடும்பத்தின் மூத்தவரான மருத்துவர் ஜோன் ஸ்கடர் இந்தியாவுக்குப் போகுமுன் 1820களில் பணிசெய்த இடம் பண்டத்தரிப்பு. தமிழரும் இரோகுவாக்களும் ஒரே மாதிரி உறவு எண்ணுகிறார்கள் என்று கண்ட மோர்கன், அமெரிக்கப் பழங்குடிகள் ஆசியாவிலிருந்து போனவர்கள் என்பதற்கு இதையே சான்றாக எடுத்து 1871 இல் பெரிய நூலொன்றை வெளியிட்டார். இங்கே அவர் இரண்டு இடத்தில் சறுக்கினார். ஒரே அமைப்பு இரண்டு இடங்களில் தனித்தனியே முளைக்கலாம் என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. மற்றது, அமைப்பே ஒன்றல்ல. 1964 இல் மானிடவியலாளர் ஃபுளோய்ட் லவுன்ஸ்பரி அதைக் காட்டினார்: இரோகுவா முறையில் அப்பாவின் மச்சானும் அப்பாவைப் போல ஓர் ஆண் என்பதால் தந்தை இடத்திலேயே வைக்கப்படுவார், அவர் பிள்ளை சகோதரம். அங்கே பெற்றோர் தலைமுறையில் நிற்கும் இருவரும் ஒரே பாலா என்று மட்டுமே பார்க்கிறார்கள். நாம் எல்லாக் கண்ணிகளையும் பெருக்குகிறோம். பெற்றோரின் சகோதரங்களின் பிள்ளைகள் என்ற முதல் வட்டத்தில் இரண்டும் ஒரே விடையைத் தரும். அடுத்த வட்டத்திலேதான் பிரியும். சொற்களை வைத்து ஒப்பிட்டவர் ஏமாந்தார்; விதியை எழுதிப் பார்த்தவர் தப்பினார்.

இந்தத் தீவுக்குள்ளேயே இருந்துகொண்டு விதியைக் கண்டவர் ஏ. எம். ஹோகாட். 1921 முதல் 1929 வரை இலங்கையின் தொல்பொருள் ஆணையாளராக இருந்தவர். மாமா என்ற சொல்லைத் தாயின் சகோதரன் என்று மொழிபெயர்த்துவிட்டு, பிறகு அது மற்றவர்களுக்கும் நீட்டப்பட்டது என்று விளக்குவது தலைகீழான வேலை என்று 1937 இல் எழுதினார். அந்தத் தலைமுறையில் அந்தப் பக்கத்தில் நிற்கும் ஆண்கள் எல்லோருக்கும் உரிய சொல் அது. தாயின் சகோதரன் அவர்களில் ஒருவர். தலைமுறையும் பக்கமும் என்ற அந்த இரண்டு விவரங்களும் ஹோகாட்டின் வாதத்தில் அப்படியே இருக்கின்றன.

மானிடவியலாளர் நூர் யால்மன் 1950களில் மலைநாட்டுச் சிங்களக் கிராமமொன்றில் தங்கி ஆராய்ந்து, 1962 இல் வெளியிட்ட கட்டுரையில் சொன்னது நம் அரசியல்வாதிகள் எவரது மேடையிலும் ஏறாத செய்தி. சிங்களம் ஓர் இந்தோ ஆரிய மொழி. ஆனால் அதன் உறவுமுறை திராவிட அமைப்பைச் சேர்ந்தது. தந்தையின் தம்பி பாப்பா, தாயின் தங்கையின் கணவரும் பாப்பா. தாயின் சகோதரன் மாமா, தந்தையின் சகோதரியின் கணவரும் மாமா. தந்தையின் சகோதரியும் தாய்மாமனின் மனைவியும் நெந்தா. அவர்கள் பிள்ளைகள் மஸ்ஸினாவும் நேனாவும். பாப்பாவின் பிள்ளைகள் அய்யா, மல்லி, அக்கா, நங்கி. மேலே சொன்ன விதியை எடுத்து, தமிழ்ச் சொற்கள் இருந்த இடத்தில் சிங்களச் சொற்களை வைத்தால் ஓர் இடமும் பிசகாது. இந்திக்குப் போங்கள், கணக்கு உடைந்துவிடும்: அங்கே சாச்சா, மாமா, பூஃபா, மௌஸா நால்வரும் நான்கு பெயர், ஆனால் நால்வரின் பிள்ளைகளும் அண்ணன் தம்பி அக்கா தங்கைதான். வெள்ளவத்தைக் காலி வீதியில் பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் நிற்கும் தமிழரும் சிங்களவரும் உறவு எண்ணும் விதத்தில் ஒருவருக்கொருவர் நெருக்கம். தன் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த டில்லிக்காரனைவிடச் சிங்களவருக்கு இங்கே தமிழர் கிட்ட. மோர்கன் செய்த பிழையை நாமும் செய்து, இதைக்கொண்டு யார் முதலில் வந்தவர் என்று நிறுவப் புறப்படக்கூடாது. சேர்ந்து வாழ்ந்த, சம்பந்தம் கலந்த, ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொண்ட நீண்ட காலத்துக்கு இது சாட்சி. அதற்கு மேல் இதைச் சுமக்க வைக்கத் தேவையில்லை.

கிழக்குக் கரை இன்னும் சுவையான சோதனை. அக்கரைப்பற்றில் பல ஆண்டு ஆய்வு செய்த டெனிஸ் மக்கில்வ்ரே 2008 இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதியிருப்பதுபோல, அங்கே தமிழரும் முஸ்லிம்களும் குடியைத் தாய்வழியில் எண்ணுகிறார்கள். அப்படியானால் தாய் என் பக்கம், தந்தை எதிர்ப்பக்கம் என்றல்லவா கணக்கைத் தொடங்க வேண்டும்? தொடங்கிப் பாருங்கள். தாய்க்கு ஏறினால் குறி மாறாது, தந்தைக்கு ஏறினால் மாறும், மற்றதெல்லாம் அதற்கேற்ப. மாமியின் மகனுக்கு வரும் விடை பழையபடி மச்சான். சின்னம்மாவின் மகன் பழையபடி தம்பி. என் தலைமுறையில் யாருக்கும் முறை மாறாது. பெற்றோர், பிள்ளைகள் போன்ற ஒற்றைத் தலைமுறைகளில் மட்டும் குறி தலைகீழாகும். அங்கும் சொற்கள் ஒட்டுமொத்தமாக இடம் மாறுவதால் அழைக்கும் பெயர் அப்படியே இருக்கும். தேசவழமை யாழ்ப்பாணமும் தாய்வழிக் குடி மட்டக்களப்பும் ஒரே முறையைப் பேசுவதன் இரகசியம் இதுதான். இஸ்லாமியச் சட்டத்தில் சித்தப்பா மகளைக் கட்டத் தடை இல்லை. ஆனாலும் அக்கரைப்பற்று முஸ்லிம்கள் அவளைத் தங்கச்சி என்றே எண்ணுகிறார்கள்.

இந்தக் கணக்கின் உறவினர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். மேற்கு அவுஸ்திரேலியாவின் கரியேரா மக்களைப் பற்றி ராட்கிளிஃப் பிரவுண் 1913 இல் எழுதியவற்றைப் பார்த்தால், ஊரே பனாகா, புருங், பலியேரி, கரிமேரா என்று நான்கு பிரிவு. பனாகா ஆண் புருங் பெண்ணைத்தான் கட்டலாம், பிள்ளைகள் பலியேரி. பலியேரி ஆண் கரிமேராப் பெண்ணைத்தான் கட்டலாம். பிள்ளைகள் மறுபடி பனாகா. நம் கணக்கில் தலைமுறையை இரட்டை ஒற்றை என்று மட்டும் எண்ணினால் கிடைப்பதும் இதே நான்கு பெட்டிகள். இன்னொரு அவுஸ்திரேலிய மக்களான வார்ல்பிரிகளுக்கு எட்டுப் பெட்டிகள். பிரெஞ்சு மானிடவியலாளர் குளோட் லெவி ஸ்ட்ரோஸ் அமெரிக்காவில் அடைக்கலம் புகுந்திருந்த காலத்தில் இப்படிப்பட்ட முறைகளின் சிக்கலோடு ஒரு பெரிய கணித மேதையிடம் போனதாகவும், கணிதத்தில் இருப்பது நான்கு செய்கைகள், கல்யாணம் அவற்றில் ஒன்றல்ல என்று அவர் திருப்பி அனுப்பியதாகவும் பின்னாளில் சொல்லியிருக்கிறார். உதவியவர் அந்த்ரே வெய்ல், இளம் வயதில் அலிகாரில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். கல்யாணம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியவேண்டியதில்லை, ஒரு கல்யாணத்துக்கும் இன்னொரு கல்யாணத்துக்கும் உள்ள தொடர்பு தெரிந்தால் போதும் என்பது அவர் நிலைப்பாடு. 1949 இல் வெளியான லெவி ஸ்ட்ரோஸின் நூலில் வெய்ல் எழுதிய பின்னிணைப்பு இருக்கிறது. உறவுமுறையைக் கூட்டக் கோட்பாடு என்ற கணிதப் பிரிவால் ஆராயும் துறை அங்கிருந்துதான் வளர்ந்தது.

இப்போது எதிர்வாதங்களுக்கு வருவோம். மிகப் பலமானது இது: இந்த முறை முழுவதும் மச்சான் மச்சாள் கல்யாணத்துக்காகவே கட்டப்பட்டது, அந்தக் கல்யாணம் குறைந்துவருகிறது, குறையவும் வேண்டும், அப்படியிருக்க அதன் கணக்கைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பானேன்? மானிடவியலாளர் லூயி டுமோன் 1953 இல் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார், திராவிட உறவுச் சொற்கள் திருமண விதியின் வெளிப்பாடு என்று. அவர் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியைக் கணிதமே திருத்துகிறது. உறவினரைப் புள்ளிகளாகவும் உறவைக் கோடுகளாகவும் வரைந்து, தாய் பிள்ளை கோட்டுக்கும் கணவன் மனைவி கோட்டுக்கும் கழித்தல் குறியும், தந்தை பிள்ளை கோட்டுக்கும் சகோதரக் கோட்டுக்கும் கூட்டல் குறியும் இடுங்கள். பிராங்க் ஹராரி 1953 இல் வெளியிட்ட தேற்றம் ஒன்று உண்டு: இப்படியான படத்தில் ஒவ்வொரு மூடிய சுற்றிலும் கழித்தல் கோடுகள் இரட்டைப்படையாக இருந்தால், இருந்தால் மட்டுமே, எல்லாப் புள்ளிகளையும் முரண்பாடில்லாமல் இரண்டு பக்கமாகப் பிரிக்கலாம். அப்பா, அம்மா, பிள்ளை என்ற சின்னச் சுற்றில் இரண்டு கழித்தல், சரி. ஒருவன் சித்தப்பா மகளைக் கட்டினால் சுற்றில் இருப்பது ஒரே கழித்தல். படம் உடைகிறது, சித்தப்பாவே மாமனாராகி ஒரே ஆளுக்கு இரண்டு முறை வருகிறது. முறைகெட்ட கல்யாணம் என்று ஊர் சொல்வதன் முழுப் பொருளும் இதுதான். மச்சாளைக் கட்டினால் சுற்றில் இரண்டு கழித்தல், படம் உடையாது. முன்பின் தெரியாத குடும்பத்தில் கட்டினாலோ புதிதாக ஒரு சுற்றே உண்டாவதில்லை. உடைவதற்கு எதுவும் இல்லை. பெண் வீட்டார் முழுப்பேருக்கும் அந்த ஒரே கோட்டின் வழியாக முறை கிடைத்துவிடும். ஆக, மச்சாளைக் கட்டு என்று முறை எங்கும் கட்டளையிடவில்லை. முரண்பாட்டை மட்டும் தடுக்கிறது. மச்சாள் கல்யாணம் அடியோடு நின்றுபோனாலும் இந்தக் கணக்கு ஓடும்.

இதைச் சட்டத்தோடு வைத்துப் பார்த்தால் இன்னும் தெளியும். 1907 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் சகோதரனின் மகளையும் சகோதரியின் மகளையும் ஓர் ஆண் மணப்பதைத் தடுக்கிறது. மச்சாளைத் தடுக்கவில்லை, ஒன்றுவிட்ட தங்கச்சியையும் தடுக்கவில்லை. சட்டத்தின் கண்ணுக்குத் தூரம் தெரிகிறது, குறி தெரிவதில்லை. கொட்டாஞ்சேனையின் கத்தோலிக்கக் குடும்பங்களைக் கட்டுப்படுத்தும் 1983 ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமும் அப்படியே: முதல் வட்டத்துப் பிள்ளைகள் எவரானாலும் விதிவிலக்கு வாங்காமல் மணம் முடிக்க முடியாது, மச்சாளா தங்கச்சியா என்று அது கேட்பதில்லை. தமிழ்நாட்டில் அக்கா மகளைக் கட்டும் வழக்கத்தை எடுத்துக்கொண்டால், அங்கே குறி பொருந்துகிறது, தலைமுறை பொருந்தவில்லை, அக்கா மாமியாராகிவிடுகிறார். இலங்கைத் தமிழர் வழக்கம் அதை ஏற்பதில்லை. தூரம் ஒரு கேள்வி, குறி இன்னொரு கேள்வி, தலைமுறை மூன்றாவது. இவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரியாததால்தான் முறை என்றாலே சொந்தத்துக்குள் கல்யாணம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

நம் பக்கத்துப் பெருமைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சித்தப்பா மகளைத் தடுத்து மாமா மகளை அனுமதித்ததில் முன்னோரின் பரம்பரையியல் அறிவு தெரிகிறது என்று கைத்தொலைபேசிகளில் சுற்றும் குறிப்புகள் வெறும் கற்பனை. இருவரோடும் நமக்குப் பொதுவாக இருக்கும் பரம்பரை அலகுகள் சராசரியாக எட்டில் ஒரு பங்கு. இருவரில் எவரைக் கட்டினாலும் பிள்ளைக்கு உள்ள ஆபத்து ஏறக்குறைய ஒன்றே. இங்கிலாந்தின் பிரட்ஃபோர்ட் நகரில் பிறந்த குழந்தைகளைப் பற்றி 2013 இல் வெளியான ஆய்வில், பிறவிக் குறைபாடு நூற்றுக்கு மூன்று என்ற அளவிலிருந்து நெருங்கிய சொந்தத்தில் கட்டியவர்களின் பிள்ளைகளிடம் ஆறாக உயர்ந்திருந்தது. குறி உடலில் இல்லை, சமூகத்தில் இருக்கிறது. மருத்துவர் சொல்லும் எச்சரிக்கையைத் தூரத்துக்குரியதாக எடுத்துக்கொள்ள வேண்டும்; அதற்குக் கூட்டல் கழித்தலால் பதில் சொல்ல முடியாது.

சாதி பற்றிய எதிர்வாதத்தை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. நம் முறை ஒரு சாதி வட்டத்துக்குள் சுழன்ற முறை. யாரோடு முறை வைத்துப் பேசுவது, யாரைப் பெயர் சொல்லி அதட்டுவது என்பதே சாதியைக் காட்டிக்கொடுத்த காலம் முற்றாகப் போய்விடவில்லை. கணிதம் என்ற வெள்ளையடிப்பில் இந்தக் கறையை மறைப்பதாக ஒருவர் குற்றம் சாட்டினால் அதில் நியாயம் உண்டு. ஆனால் விதியைத் திரும்பப் படியுங்கள். எங்கும் சாதி என்ற நிபந்தனை இல்லை. வட்டத்தை மூடியது கல்யாணம் பேசியவர்கள். சாதி கடந்து, மதம் கடந்து, மொழி கடந்து ஒரு கல்யாணம் நடந்த மறுநாளே பெண்ணின் தமையன் மச்சான்தான், அவள் தந்தை மாமாதான். கணக்கு ஒரு நொடியும் தயங்குவதில்லை. கொழும்பு பஸ்ஸில் சிங்களப் பையனும் தமிழ்ப் பையனும் முஸ்லிம் பையனும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நம் பத்திரிகைகள் சகோதர இனம், சகோதர மொழி என்று எழுதுகின்றன. முறைப்படி பார்த்தால் சகோதரத்தோடு சம்பந்தம் செய்ய முடியாது, மச்சானோடு முடியும். பஸ்ஸில் போகும் பையன்களின் கணக்கு ஆசிரியர் தலையங்கத்தைவிடத் தாராளமானது.

மானிடவியலாளர் தரப்பிலிருந்தும் ஒரு மறுப்பு வரும். வட மத்திய மாகாணத்தின் வறண்ட வலயத்தில் புல்எலிய என்ற கிராமத்தை ஆராய்ந்து எட்மண்ட் லீச் 1961 இல் எழுதியதன் சாரம், உறவு என்பது நிலத்தையும் நீரையும் பற்றிப் பேசும் ஒரு வழி என்பதே. மக்கள் தேவைக்கேற்ப முறையை வளைப்பார்கள், முறைகெட்ட கல்யாணம் நடந்தால் நாளடைவில் அழைக்கும் பெயரை மாற்றிச் சமாளிப்பார்கள். உண்மை. ஆனால் சமாளிக்க வேண்டிய தேவை ஏன் வருகிறது? கணக்கு என்று ஒன்று இல்லையென்றால் வளைப்பதற்கு எதுவும் இல்லை. சித்தப்பாவை மாமா என்று கூப்பிடத் தொடங்குபவர் படத்தில் உடைந்த சுற்றை ஒட்டவைக்கிறார். எந்தக் கோட்டை அழித்தால் மிச்சம் சரிவரும் என்று பார்க்கிறார்.

அங்கிள், அன்ரி, கசின் என்று வெள்ளவத்தைப் பிள்ளைகள் பேசுவதைக் கண்டு கலங்குபவர்கள் ஒரு பக்கம். எனக்கு அவ்வளவு கலக்கம் இல்லை. சார்ள்ஸ் கெம்ப், டெரி ரெகியர் இருவரும் உலக மொழிகளின் உறவுச் சொற்களை ஒப்பிட்டு 2012 இல் சயன்ஸ் இதழில் எழுதியபடி, ஒவ்வொரு மொழியும் குறைந்த சொற்களுக்கும் கூடிய தெளிவுக்கும் நடுவே தனக்கென ஒரு நல்ல சமரசத்தைக் கண்டிருக்கிறது. ஆங்கில முறை நம்மைவிடத் தாழ்ந்ததல்ல. அது தூரத்தை வைத்துக்கொண்டு குறியைக் கைவிட்ட முறை, அவ்வளவுதான். தமிழில் பேசிக்கொண்டே அங்கிள் என்னும் பிள்ளைக்கு அந்தத் தூரமும் கிடைப்பதில்லை, ஏனென்றால் மாமாவும் சித்தப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் முச்சக்கரவண்டி ஓட்டுபவரும் எல்லோரும் அங்கிள். அறிவுரையால் இதை மாற்ற முடியாது. எப்படி எண்ணுவது என்று தெரிந்த பிள்ளை, தேவைப்படும்போது எண்ணிக்கொள்ளும்.

ஆகவே வேண்டுகோள் மகரகம தேசிய கல்வி நிறுவகத்தின் கணிதப் பகுதியினருக்கு. சொந்தக் குடும்பத்தை எழுதிவா என்று எந்தப் பிள்ளையிடமும் கேட்கக்கூடாது; போரில் தந்தையை இழந்த, தாய் வெளிநாட்டில் இருக்கிற, பெற்றோர் பிரிந்த பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. கற்பனைக் குடும்பப் படமொன்றை அச்சிட்டு, கோடுகளுக்குக் குறியிட்டு, இன்னாருக்கு இன்னார் என்ன முறை என்று கேட்டால் போதும். மச்சாள் கல்யாணம் எதையும் அந்தப் படத்தில் வரையத் தேவையில்லை. ஒரே பயிற்சியைத் தமிழ்மொழி மூலத்திலும் சிங்களமொழி மூலத்திலும் கொடுக்கலாம். சொற்கள் மாறும், விடைகள் மாறா. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி மாணவனும் மகரகமச் சிங்களப் பாடசாலை மாணவியும் ஒரே படத்துக்கு எழுதிய விடைத்தாள்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு வேறெந்தப் பாடத்திலும் இல்லை. புதிய அத்தியாயமும் வேண்டாம். திசைகொண்ட எண்கள் என்ற அத்தியாயம் இரண்டு மொழிப் புத்தகங்களிலும் ஏற்கெனவே இருக்கிறது. அதன் பயிற்சிகளில் ஒரு பக்கம் கூட்டினால் போதும்.